புதுப்பிப்பு: கப்பலுக்கு ஸ்பைக் பஸ்டர் எடுத்துப்போகலாமா?

சென்னைத் துறைமுகத்தில் ஏறும் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு ஸ்பைக் பஸ்டர் (வோல்டேஜ் திடீரென எகிறினால் சாதனங்களைக் காக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கப்பல் எலக்ட்ரீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர் காரணம் சொன்னார். வீட்டில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு சேர்ந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை. இரண்டு கம்பியிலும் கரண்ட் இருக்கும். பாக்ஸின் சுவிட்ச் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும், மற்றதில் கரண்ட் அப்படியே நிற்கும். எங்காவது ஒரு கம்பி கப்பலின் இரும்பில் பட்டால் எர்த்துக்கு எதிரான வோல்டேஜ் ஏறி, பாக்ஸுக்குள் கூடுதல் வோல்டேஜை உறிஞ்சும் வேரிஸ்டர் என்ற பாகம் சூடாகித் தீப்பிடிக்கலாம். நடுக்கடலில் தீ என்றால் எங்கே ஓடுவது?

சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சில கப்பல் நிறுவனங்கள் நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால் நாலு போர்ட் யூஎஸ்பி சார்ஜர் ஒன்று, கைப்பையில் பவர் பேங்க், அவ்வளவுதான். கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லியாச்சு.