வி-கிராஸ் கேனோபி: ரெண்டு கிளாம்ப் அசையலை, கழட்டினா எங்க வைக்கிறது?

தண்டையார்பேட்டை_பிக்கப்
இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டபுள் கேப். பின்னாடி சாமான் ஏத்தற பாடி மேல கூரை மாதிரி மூடற ஃபைபர் கேனோபி. கண்ணாடி, பின்கதவோட சேர்த்து 90 கிலோ வரும்னு மாட்டிக் கொடுத்த இடத்துல சொன்னாங்க. காசிமேட்டுக்குப் படகோட அவுட்போர்டு இன்ஜினை நிக்க வச்சு ஏத்தணும், மேல இடிக்குது. கேனோபியைப் பாடி விளிம்போட பிடிச்சிருக்கிற ஆறு கிளாம்ப்ல நாலு வந்துடுச்சு. டிரைவர் பக்கம் பின்னாடி ரெண்டு அசைய மாட்டேங்குது. கழட்டி போர்டிகோ சீலிங்ல செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டுத் தொங்கவிடலாம்னு இருக்கேன். சரி வருமா? மேல பிரேக் லைட் ஒண்ணு இருக்கு, அந்த ஒயரை என்ன பண்றது?

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர்
கிளாம்ப் அலுமினியமா, போல்ட் இரும்பா பாருங்க. போல்ட்டைச் சுத்தி வெள்ளைப் பவுடர் பூத்திருந்தா அது உப்புக்காத்து வேலை, அலுமினியம் அரிச்சுப் போல்ட்டைக் கவ்விக்கிச்சு. நீளமா பைப் மாட்டி இழுக்காதீங்க, தலை துண்டா வந்துடும். பித்தளை பிரஷ்ல தேய்ச்சுட்டு டபிள்யூடி-40 அடிச்சு ராத்திரி பூரா விடுங்க. காலையில கெட்டில்ல கொதிக்கிற தண்ணியை கிளாம்ப் மேல மட்டும் ஊத்துங்க. இரும்பை விட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், பிடி விட்டுடும். அந்தச் சூட்டோட ஆறு முனை சாக்கெட் போட்டு முதல்ல இம்மியளவு *டைட்* பண்ணுங்க, பிறகு லூஸ். அரை சுத்து வந்தா திரும்ப கால் சுத்து உள்ள, இப்படி ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். கேஸ் டார்ச் பக்கமே போகாதீங்க. ஃபைபர், ரப்பர், பெயின்ட் மூணும் போயிடும்.

அப்படியும் வரலைன்னா கிளாம்ப்பை ஹாக்சா பிளேடால அறுத்துடுங்க. பாடி விளிம்புக்கும் பிளேடுக்கும் நடுவுல தகடு ஒண்ணு செருகிக்கணும். கிளாம்ப் போனா வேற வாங்கிக்கலாம், பாடி விளிம்பு வளைஞ்சா பட்டறைக்குத்தான் போகணும்.

ஒயரிங்_மட்டும்
பின் லைட்டைக் கழட்டிப் பாருங்க, கேனோபி ஒயர் அங்கதான் சேரும். கனெக்டர் இருந்தா பிரிச்சா போதும். நேரா முறுக்கி டேப் சுத்தியிருந்தா வெட்டிட்டு, தண்ணி புகாத 2 பின் கனெக்டர் போட்டுடுங்க. வண்டிப் பக்கத்து முனைக்கு மூடி கட்டாயம். அது பாடியில தொட்டா ஃபியூஸ் போகும், ஒரு பிரேக் லைட்டும் எரியாம வண்டி ஓட்டிட்டு இருப்பீங்க. கழட்டின கையோட ஒரு ஆளைப் பின்னாடி நிறுத்தி பிரேக்கை மிதிச்சுப் பாருங்க.

கப்பிக்காரர்
தொங்கவிடறதுக்கு முன்னாடி சீலிங்கைச் சொல்லுங்க. கான்கிரீட்டா, மெட்ராஸ் டெரஸா?

தண்டையார்பேட்டை_பிக்கப்
வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரம். போர்டிகோ மட்டும் பிற்பாடு போட்ட கான்கிரீட். ரெண்டு இடத்துல பூச்சு விழுந்து துரு பிடிச்ச கம்பி தெரியுது. உயரம் எட்டே கால் அடி.

கப்பிக்காரர்
அப்போ தொங்கவிடற பேச்சே வேணாம். கம்பி துரு பிடிச்சு ஊதி, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கு. வெளிய தெரியறது ரெண்டு இடம், உள்ள எத்தனையோ. அதுல ஆங்கர் போல்ட் அடிச்சா பிடிச்ச மாதிரி இருக்கும், ஒரு நாள் கான்கிரீட் துண்டோட கழண்டு வரும். மெட்ராஸ் டெரஸ்ல செங்கல்லும் சுண்ணாம்பும்தான், அங்க டிரில்லே போடக்கூடாது. தவிர, செயின் பிளாக் தூக்கறதுக்கு. மாசக்கணக்கா சுமையைத் தொங்கவிட்டு வைக்க இல்ல.

90 கிலோன்னா நாலு பேருக்கு ஆளுக்கு இருபத்திச் சொச்சம். மூலைக்கு ஒருத்தர் நின்னா தூக்கிடலாம். ரெண்டு பேர்னா வேணாம், கனத்தை விட அகலம்தான் சிக்கல்: கைக்குப் பிடி கிடைக்காது, ஒரு பக்கம் சாஞ்சா பக்கக் கண்ணாடி போச்சு.

பாடி விளிம்பு தரையில இருந்து எவ்வளவுன்னு டேப்ல அளங்க. அதை விட ஒரு இஞ்ச் கம்மியா மர ஸ்டாண்டு ஒண்ணு, 4x2 சட்டத்துல, குறுக்குச் சட்டம் மூணு வச்சு. கீழ பிரேக் உள்ள வீல் நாலு. கேனோபி பின்கதவைப் பூட்டிடுங்க, வண்டி டெயில்கேட்டைத் திறந்து போடுங்க. கேனோபி அடிப்பக்கம் அதுக்குக் கீழ இறங்கியிருக்கும், மூடியிருந்தா இழுக்கறப்போ மாட்டும். ஸ்டாண்டை பின்னாடி ஒட்டி நிறுத்தி வீலை லாக் பண்ணிட்டு, நாலு பேரும் ஒரே குரலுக்கு ரெண்டு இஞ்ச் தூக்கிப் பின்னாடி நகர்த்தினா போதும். தரைக்கு இறக்கவே தேவையில்ல.

ரப்பர்_பீடிங்
வைக்கிற விதத்தையும் கேட்டுக்குங்க. செவுத்துல சாய்ச்சு நிறுத்தினா ரெண்டு மூலையில மட்டும் கனம் நிக்கும், வெயில்ல மாசக்கணக்கா இருந்தா விளிம்பு கோணும். திரும்ப மாட்டறப்போ ஒரு மூலை உட்காராது, அங்கதான் தண்ணி உள்ள வரும். விளிம்பு முழுக்கச் சட்டத்துல உட்காரணும், இடையில பழைய யோகா மேட்டை வெட்டிப் போடுங்க. விளிம்புல தண்ணி புகாம இருக்க ஒட்டியிருக்கிற ரப்பர் பீடிங்குக்கு சிலிகான் ஸ்பிரே அடிங்க. கிரீஸ், டபிள்யூடி-40 வேணாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ரப்பர் ஊதும். தார்ப்பாயை இறுக்கிச் சுத்தினா உள்ள வேர்த்து கதவுக் கீல் துரு பிடிக்கும். மேல மட்டும் போர்த்தி அடியில காத்து விடுங்க.

தண்டையார்பேட்டை_பிக்கப்
கிளாம்ப் ஒண்ணு வெந்நீருக்கு வந்துடுச்சு. இன்னொண்ணுல தலை முறிஞ்சது, அறுத்தாச்சு. கிளாம்ப் பிடிச்சிருந்த இடத்துல பெயின்ட் உரிஞ்சு இரும்பு தெரியுது.

பதிமூணாம்_நம்பர்_ஸ்பேனர்
இன்னைக்கே தேய்ச்சு பிரைமர், டச்-அப் ரெண்டும் அடிச்சுடுங்க, அப்படியே விட்டா ஐப்பசி மழைக்குள்ள துரு கிளம்பிடும். திரும்ப மாட்டறப்போ போல்ட் மரைக்கு, திரும்பக் கவ்விக்காம இருக்க, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்க, கிளாம்ப்புக்கு அடியில ரப்பர் துண்டு ஒண்ணு வைங்க. ஸ்டாண்டை கேட் தூணோட கயிறு போட்டுக் கட்டிடுங்க, தெருத் தண்ணி உள்ள வந்தா வீல் வச்சது நகர்ந்துடும்.