டியூக் 390-க்கு லித்தியம் பேட்டரி: மூன்று வாரம் நிறுத்தி வைத்தால் தாங்குமா?

கோவை_390:
வணக்கம் நண்பர்களே. வண்டி கேடிஎம் டியூக் 390, 2018 மாடல். இப்போது இருக்கும் 8 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லெட் ஆசிட் பேட்டரி காலையில் ஸ்டார்ட்டரை இழுக்கத் திணறுகிறது, மாற்றியே ஆக வேண்டும். கடையில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் காட்டுகிறார்கள். எடை ஒரு கிலோவுக்கும் கீழே. மேலே பெரிய எழுத்தில் "12 ஏஎச்சுக்கு இணை" என்று போட்டிருக்கிறது.

என் நிலவரம்: மாதத்தில் மூன்று வாரம் வேலைக்கு வெளியூர், வண்டி வீட்டில் நிற்கும். ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்று நேரடியாக பேட்டரியில் மாட்டியிருக்கிறது. கையில் இருப்பது லெட் ஆசிட்டுக்கான பழைய ஸ்மார்ட் சார்ஜர், அதில் "ரிப்பேர்" மோடும் உண்டு. ஜனவரியில் ஊட்டிப் பக்கம் போவதும் வழக்கம்.

இந்த உபயோகத்துக்கு லித்தியம் சரிப்படுமா? அந்தச் சார்ஜரைப் பயன்படுத்தலாமா? வண்டியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

மின்கலன்:
முதலில் அந்த "12 ஏஎச்சுக்கு இணை". அதைக் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 12 ஏஎச் லெட் பேட்டரி ஸ்டார்ட்டரை எவ்வளவு பலமாகச் சுற்றுமோ அதே பலத்தில் இதுவும் சுற்றும் என்பதுதான் அதன் பொருள். உள்ளே உண்மையில் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 4 ஏஎச் அளவில். லேபிளின் மூலையில் வாட்-ஹவர் கணக்கு சிறிய எழுத்தில் இருக்கும், அதை 12.8-ஆல் வகுத்தால் உண்மையான ஏஎச் கிடைத்துவிடும். வாட்-ஹவரே அச்சிடாத பேட்டரியை வாங்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ய 4 ஏஎச் தாராளம். 100 ஆம்பியர் இரண்டு விநாடி இழுத்தாலும் 0.06 ஏஎச்கூடச் செலவாகாது. உங்கள் சிக்கல் வண்டி நிற்கும்போதுதான். அதனால் பணம் கொடுக்கும் முன் வண்டியில் இரண்டு அளவு எடுங்கள்.

ஒன்று, சார்ஜிங் வோல்டேஜ். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 5000 ஆர்பிஎம்மில் வைத்து, பேட்டரி முனையிலேயே மல்டிமீட்டரைப் பிடியுங்கள். 13.8-க்கும் 14.6-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 14.8-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயரைச் சரிசெய்யாமல் லித்தியம் மாட்டவே கூடாது. 13.5-க்குக் கீழே நின்றால் வேறு பிரச்சினை: முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் லித்தியமே 13.3 காட்டும், அதற்குள் மின்சாரத்தைத் தள்ள இந்த வித்தியாசம் போதாது.

இரண்டு, சாவி போட்டிராதபோது கசியும் மின்சாரம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே தொடராக இணையுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து அளவைப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிராக்கருடன் ஒரு தடவை, டிராக்கரைக் கழற்றி ஒரு தடவை அளந்து இங்கே போடுங்கள், கணக்குப் பார்த்துவிடலாம்.

சார்ஜரைப் பொறுத்தவரை அந்த "ரிப்பேர்" மோடுதான் ஆபத்து. லெட் தகட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்க அது 15, 16 வோல்ட் வரை துடிப்புகளை அனுப்பும். லித்தியத்தில் கரைக்க சல்பேட் கிடையாது, செல்தான் கெடும். பட்டனை நாம் அழுத்தாவிட்டாலும், வோல்டேஜ் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தானாகவே அந்த மோடுக்குப் போகும் சார்ஜர்கள் உண்டு. ஆகவே 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சார்ஜர் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். 4 ஏஎச்சுக்கு 2 ஆம்பியர் போதும், முக்கால்வாசி காலியான பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

ஸ்பானர்செட்:
மாட்டுற வேலையப் பத்தி நான் சொல்றேன் ப்ரோ.

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல. இது எல்லாருக்கும் தெரியும், ஆனா லித்தியத்துல இன்னும் கவனம் வேணும். ஸ்பானர் ஃப்ரேம்ல பட்டு ஷார்ட் ஆச்சுன்னா இது கொட்டுற ஆம்பியர் லெட்டவிட ஜாஸ்தி. புது பேட்டரில பாசிட்டிவ் எந்தப் பக்கம்னு பழசோட வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க. மாத்தி மாட்டினா பேட்டரிக்குள்ள செல்லக் காக்கிற சர்க்யூட், அதான் பிஎம்எஸ், அதுவும் போகும், வண்டியோட மூளையான ஈசியூவும் போகும்.

சைஸ் சின்னது, பழைய பெட்டிக்குள்ள ஆடும். கூடவே ஃபோம் துண்டு தருவாங்க, அத அடிலயும் பக்கத்துலயும் வெச்சு, ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்க. ஆடிட்டே இருந்தா டெர்மினல் போல்ட் லூசாகும், லூசான எடம் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். அதுக்காக போல்ட்ட முரட்டுத்தனமாவும் முறுக்காதீங்க, 5 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். அதுக்கு மேல போனா உள்ள பித்தளை நட்டு பிடுங்கிட்டு வந்துரும். தடிமனான மெயின் கேபிள் அடில, டிராக்கர் மாதிரி மெல்லிசு ஒயரெல்லாம் அதுக்கு மேல. நிறைய பேரு தலைகீழாப் போட்டுட்டு "செல்ஃப் எடுக்கல"ன்னு வர்றாங்க.

இன்னொண்ணு. சில எடத்துல 18650ன்னு சொல்ற உருளை லித்தியம் செல்ல சேத்து ஒட்டி "பைக் பேட்டரி"ன்னு விக்கிறாங்க. அந்தப் பக்கமே போகாதீங்க. காரணம் மின்கலன் சார் சொல்லட்டும்.

மின்கலன்:
காரணம் இதுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒவ்வொன்றும் 3.65 வோல்ட்டில் நிரம்பும். நான்கு செல் தொடராக வைத்தால் 14.6, பைக்கின் சார்ஜிங்கோடு அச்சாகப் பொருந்துகிறது. ஒட்டி விற்கும் பேக்கில் பெரும்பாலும் லேப்டாப் வகை நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் செல் மூன்று இருக்கும். அந்த செல்லின் எல்லை 4.2, மூன்றும் சேர்ந்தால் 12.6. பைக் 14.4 கொடுக்கும்போது ஒவ்வொரு செல்லுக்கும் 4.8 போகிறது. சீட்டுக்கு அடியில் தீப்பிடிக்க இது போதும்.

அதில் பிஎம்எஸ் இருக்கிறதே என்பார்கள். 20, 30 ஆம்பியர் தாங்கும் பிஎம்எஸ், செல்ஃப் அடித்த கணத்திலேயே வெட்டிவிடும். ஓடும்போது வோல்டேஜ் ஏறி வெட்டினால் இன்னும் மோசம். பேட்டரி திடீரென்று விலகியதும் ரெகுலேட்டரின் வோல்டேஜ் துள்ளும், அந்த அடி நேராக ஈசியூவுக்குப் போகும். ஓடுகிற வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது என்பதும் இதனால்தான். நல்ல பேட்டரியிலும் பிஎம்எஸ் கடைசிக் காவல்தான், ரெகுலேட்டர் கெட்ட வண்டியை அதை நம்பி ஓட்டக் கூடாது.

நெடுஞ்சாலை_சேலம்:
நடுவில் ஒரு சந்தேகம். என் வண்டியில் லித்தியம் மாட்டி ஆறு மாதம் ஆகிறது. காலையில் மீட்டர் 12.8 காட்டுகிறது. 12.8 என்றால் ஃபுல்தானே? மெதுவாக ஊட்டிக்கொண்டே இருக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை எப்போதும் போட்டே வைத்திருந்தால் நல்லதா?

மின்கலன்:
லெட் பேட்டரிக்கு 12.8 ஃபுல். லித்தியத்துக்கு அது ஏறக்குறைய காலி, 20 சதவீதத்துக்கும் கீழே. இன்றைக்கே சார்ஜ் போடுங்கள்.

சார்ஜ் எடுத்து ஆறு மணி நேரமாவது ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். 13.3-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 13.2 என்றால் முக்கால் அளவு, 13.0-க்கு வந்துவிட்டால் பாதிக்கும் கீழே. நடுவில் வோல்டேஜ் கோடு தட்டையாக ஓடுவதால் 0.1 வோல்ட்டுக்கே பெரிய வித்தியாசம், இரண்டு தசமம் காட்டும் மீட்டர் வேண்டும். டேஷ்போர்டு வோல்ட்மீட்டரை நம்ப வேண்டாம்.

மெயின்டெய்னர் நிரந்தரமாகத் தேவையில்லை. லெட் பேட்டரி பாதிச் சார்ஜில் கிடந்தால் சல்பேட் கட்டும், அதனால்தான் அதற்கு எப்போதும் ஊட்ட வேண்டியிருந்தது. லித்தியத்துக்குப் பாதி முதல் முக்கால் வரை வைத்திருப்பதே சுகம். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் அது சீக்கிரம் கிழடாகும், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் மெயின்டெய்னரோடு நிற்கும் வண்டிக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. நெகட்டிவைக் கழற்றிவிட்டால் தானாகக் குறைவது மாதத்துக்கு 2, 3 சதவீதம்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

கோவை_390:
அளந்துவிட்டேன். 5000 ஆர்பிஎம்மில் 14.3 வோல்ட். சாவி இல்லாதபோது டிராக்கருடன் 14 மில்லிஆம்பியர், டிராக்கர் இல்லாமல் 2. கடையில் பார்த்த பேட்டரியில் 48 வாட்-ஹவர் என்று இருக்கிறது.

மின்கலன்:
ரெகுலேட்டர் அருமையாக இருக்கிறது, அந்தக் கவலை விட்டது. 48-ஐ 12.8-ஆல் வகுத்தால் 3.75 ஏஎச்.

டிராக்கருடன் ஒரு நாளைக்கு 14 × 24 = 336 மில்லிஆம்பியர்-ஹவர் போகிறது. 80 சதவீதத்தைச் செலவழிக்கலாம் என்றால் கையிருப்பு 3 ஏஎச், ஒன்பதாவது நாளில் முடிந்துவிடும். 6 ஏஎச் உண்மையான கொள்ளளவு வாங்கினாலும் பதினான்கு நாள்தான். மூன்று வாரத்தில் மொத்தம் 7 ஏஎச் போய்விடும், இப்போதைய 8 ஏஎச் லெட் பேட்டரி படுத்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

டிராக்கர் இல்லாவிட்டால் 21 நாளுக்கு 1 ஏஎச்தான் போகும், வந்து அடித்தால் உடனே எடுக்கும். ஆகவே டிராக்கருக்குச் சொந்தமாகப் பெரிய பேட்டரி உள்ள மாடலாகப் பாருங்கள், அல்லது ஊருக்குப் போகும்போது அதன் ஃபியூஸை உருவிவிடுங்கள். லோ வோல்டேஜ் கட்-ஆஃப் போர்டு மூலமாக டிராக்கருக்கு லைன் கொடுத்து, 13.0 வோல்ட்டில் வெட்டும்படி வைப்பதும் ஒரு வழி. ஆனால் ரிலே வைத்த போர்டு வாங்காதீர்கள். அந்த ரிலேயின் கம்பிச்சுருள் மட்டுமே டிராக்கரைவிட அதிகம் குடிக்கும். மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் வகை வேண்டும்.

தவறிப்போய் காலியாகிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டிச் சார்ஜ் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். காலிப் பேட்டரிக்குள் ஆல்டர்னேட்டர் பத்துப் பதினைந்து ஆம்பியரை ஒரேயடியாகத் தள்ளும். பேட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள். 8 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் விட்டுவிடுங்கள்: செல் ஒன்றுக்கு 2 வோல்ட்டுக்குக் கீழே தாமிரத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும். அதற்கு மேலே இருந்தால் 0.2 முதல் 0.4 ஆம்பியரில், பக்கத்திலேயே இருந்து ஏற்றுங்கள். தொட்டால் சூடு தெரிந்தாலோ பக்கம் உப்பினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். நிரம்பிய பின் ஒரு நாள் விட்டு அளந்து, 13.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரியை நம்பிப் பயணம் போக வேண்டாம்.

ஸ்பானர்செட்:
ஊட்டி பத்தி யாரும் சொல்லலையே. ஜனவரி விடிகாலைல உறைபனி விழுற குளிர்ல லித்தியம் மொத அடில மந்தமா சுத்தும். செத்துப் போச்சுன்னு பயப்பட வேணாம். சாவி போட்டு, பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரு நிமிஷம் எரிய விடுங்க. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில ஹெட்லைட் சுவிட்ச் கிடையாது, அதான் இந்த வழி. அப்புறம் மூணு விநாடி செல்ஃப், அர நிமிஷம் கேப், மறுபடி மூணு விநாடி. லெட் பேட்டரி ஒவ்வொரு அடிக்கும் இறங்கிட்டே போகும், இது ஒவ்வொரு அடிக்கும் உள்ள சூடேறி பலமாகும். ஒரேயடியா பத்து விநாடி அழுத்தினா ஸ்டார்ட்டர் மோட்டார்தான் வெந்து போகும். சார்ஜர வெச்சு ஏத்துறதா இருந்தா பேட்டரிய ரூமுக்குள்ள கொண்டு போய் வெச்சு ஏத்துங்க, செல் ஜீரோ டிகிரிக்குக் கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தினா நிரந்தர சேதம்.

கடைலயே மீட்டர் வெச்சுப் பாருங்க, 13.1-க்குக் கீழ காட்டினா வேற பீஸ் கேளுங்க. பழைய லெட் பேட்டரியக் கையோட எடுத்துட்டுப் போங்க, அதுக்குன்னு ஒரு தொகை கழிச்சுக்குவாங்க. லித்தியம் உப்பிப் போனா குப்பைலயும் பழைய இரும்புக் கடைலயும் போடாதீங்க, 2022 பேட்டரி கழிவு விதிப்படி திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு, வாங்கின கடையிலயே கேளுங்க. அதுவரைக்கும் வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட இரும்பு வாளில வெச்சிருங்க.