யூரிமா பதிவுகளில் புள்ளி எண்ண ஆள் வேண்டும்

வணக்கம். உயிரினப் படங்களைப் பதிவிட்டு இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துச் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் பல, 'யூரிமா' என்ற பேரினத்தோடு அப்படியே நிற்கின்றன. இனம் பிரிக்க யாராவது கை கொடுக்க முடியுமா?

பார்க்க வேண்டியது முன்னிறகின் கீழ்ப்பக்கம், உடலை ஒட்டிய செல் பகுதி (இறகு நரம்புகளுக்கு நடுவே மூடிய பரப்பு). அங்கே இரண்டு புள்ளி என்றால் ஹெக்காபே இனம், மூன்று என்றால் பிளாண்டா, ஒன்றே ஒன்று என்றால் ஆண்டர்சோனி. செல்லின் கடைசியில் இருக்கும் வளையத்தை எண்ணிவிடாதீர்கள். பாதித் தப்பு அங்கேதான் நடக்கும். வறண்ட பருவத்தில் இறகு நுனியில் வரும் பழுப்புத் திட்டும் கணக்கில் கிடையாது.

பூச்சி உட்கார்ந்ததும் பின்னிறகு அந்தப் பகுதியை மறைத்துவிடும். மறைந்த புள்ளியை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல், படத்தில் தெரியாவிட்டால் யூரிமா என்றே விட்டுவிடுங்கள். புழுப் படம் இருந்தால் வேலை சுலபம்: கறுப்புத் தலையோடு கூட்டமாக இருந்தால் பிளாண்டா, பச்சைத் தலையோடு தனியாக இருந்தால் ஹெக்காபே.

படம் பார்க்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' மட்டும் அழுத்த வேண்டாம். இரண்டு பேர் ஒத்துப்போனாலே பதிவு ஆய்வுத் தரத்துக்கு (ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு) ஏறிவிடும், தப்போடு சேர்த்து. நேரம் இருப்பவர்கள் எந்த மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.