சோழவரம் தோப்பில் தரையை ஒட்டிப் பூத்த மஞ்சள் பூ: இது நிலப்பனைதானா?

கேள்வி (திருவொற்றியூர்வாசி):
மழை தொடங்கிய பின் சோழவரத்தை அடுத்த ஒரு பழைய தோப்பில், நாவல் மர நிழலில் புல்லுக்கு நடுவே இந்தச் செடியைக் கண்டேன். மண்ணிலிருந்தே முளைத்தது போல ஆறு இதழ்களுடன் சிறு மஞ்சள் பூ இருந்தது. இலைகள் நீண்டு, குறுகி, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருந்தன. உடன் வந்த பெரியவர் அதை நிலப்பனை என்றும், கிழங்கை அரைத்துப் பாலில் கொடுத்தால் நீர்க்கடுப்பு தீரும் என்றும் சொன்னார். என் தாயாருக்கு அந்தத் தொல்லை அடிக்கடி வருவதால் கேட்கிறேன்: செடியை உறுதிப்படுத்துவது எப்படி? கிழங்கைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்தலாமா?

பதில் (மாதவரம் தாவர ஆர்வலர்):
நீங்கள் சொல்லும் அடையாளங்கள் நிலப்பனைக்குப் பொருந்துகின்றன. பூவை மட்டும் நெருக்கத்தில் படமெடுத்துப் பெயர் கேட்பவர்களே அதிகம்; இலையையும் கவனித்தது நல்லது, ஏனெனில் தரையோடு மஞ்சளாகப் பூக்கும் செடிகள் பல உண்டு. நெருஞ்சிக்கு ஐந்து இதழ்கள்தான், இலையும் சிறு சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும் என்பதால் அதை உடனே ஒதுக்கிவிடலாம். பூ இல்லாத காலத்தில்தான் குழப்பம் வரும்: பனங்கன்றும் ஈச்சங்கன்றும் பார்வைக்கு இதே போல இருந்தாலும், அவற்றின் இலை விறைப்பாக இருக்கும், நிலப்பனை இலையோ மெல்லியது, தடவிப் பார்த்தால் ஆங்காங்கே நீண்ட மெல்லிய மயிர்கள் கையில் தட்டுப்படும். பூவின் அடியில் மண்ணைச் சற்றே விலக்கிப் பாருங்கள். காயாக வேண்டிய பகுதி மண்ணுக்குள் இலைகளின் அடியில் மறைந்திருக்க, இதழ்கள் மட்டும் மேலே விரிந்திருந்தால் ஐயமே வேண்டாம். இலை நுனி ஈரமண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுக் கன்று முளைத்திருப்பதையும் சில செடிகளில் காணலாம்.

பதில் (கொருக்குப்பேட்டை):
எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பாட்டி இதை ‘நேல தாடி’ என்பார். கேரளத்தில் கர்க்கடக (ஆடி) மாதத்தில் பெண்கள் சூடும் தசபுஷ்பங்கள் எனும் பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று.

பதில் (சித்த மருத்துவ மாணவி, வண்ணாரப்பேட்டை):
பெரியவர் சொன்னது வழக்கில் உள்ளதே. சித்த மருத்துவத்தில் நிலப்பனைக் கிழங்கு நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், வெட்டை (பால்வினை நோய் வகை) ஆகியவற்றுக்கும், உடல் வலிமைக்கும் ஆண்மைக்கும் கொடுக்கப்படுகிறது. வடமொழியில் தாலமூலி என்றும், வணிகர்களிடையே கறுப்பு முசிலி என்றும் வழங்குவதும் இதுவே. ஆனால் தோண்டியதை அப்படியே அரைத்துக் கொடுப்பதில்லை. சல்லிவேர்களை நீக்கி, நறுக்கி, பாலில் பக்குவப்படுத்தி, உலர்த்திய பிறகே சூரணமாக்குவார்கள். அளவையும், அதனுடன் சேர்த்துக் கொடுக்கும் துணைமருந்தையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தாயாருக்குத் தொல்லை அடிக்கடி வருகிறது என்பதே எனக்குக் கவலையாக உள்ளது. கிருமித் தொற்றோ, சர்க்கரை நோயோ, கல்லோ காரணமாக இருக்கலாம். முதலில் சிறுநீரையும் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். காய்ச்சலோ இடுப்புவலியோ சேர்ந்தால் எந்தக் கிழங்கையும் நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சித்த மருந்தே வேண்டுமென்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனையிலோ தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்க நேர்ந்தால் சரியான கிழங்கு என்று எப்படி அறிவது?

பதில் (மாதவரம் தாவர ஆர்வலர்):
பொடியாக வாங்காதீர்கள், பொடியில் எதையும் அறிய முடியாது. முழுக் கிழங்கு விரல் பருமனில், மேல்தோல் கருத்து, குறுக்கே சுருக்கங்களும் வேர் உதிர்ந்த தழும்புகளும் கொண்டிருக்கும். ஒடித்தால் உள்ளே வெளுத்திருக்கும். தோலுரித்து வெள்ளை வெளேரென்று விற்பது வெள்ளை முசிலி, அது வேறு செடி. தோப்பில் உள்ளதைத் தோண்ட வேண்டாம் என்பது என் கருத்து: கிழங்கு நேராக மண்ணுக்குள் இறங்குவதால், அதை எடுத்தால் செடியே போய்விடும். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும் ஆகும். வளர்க்க ஆசையிருந்தால், வேர்விட்ட இலை நுனிக் கன்று ஒன்றைத் தோப்புக்காரரிடம் கேட்டு வாங்கி, நிழலான தொட்டியில் நீர் தேங்காமல் வையுங்கள்.