பெங்களூரு ஒயின் சுவைப்பு விழாவுக்குக் காட்பாடியிலிருந்து குழுவாகச் செல்வது பற்றி

கேள்வி: சத்துவாச்சாரி நண்பர்கள் நால்வருடன் ரயிலில் செல்ல எண்ணியுள்ளேன். இத்தனை புட்டிகள் அணிவகுத்திருக்கும் இடத்தில் எதிலிருந்து தொடங்கினால் நாக்கு மரத்துப்போகாது?

பதில் 1: ஐயா, நுரைக்கும் ஒயின், வெள்ளை, சிவப்பு, இனிப்பு என்ற வரிசையில் செல்லுங்கள், சிவப்பிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈறுகளைத் துவர்க்கச் செய்துவிட்டால், அதன்பின் வெள்ளையின் மென்மை பிடிபடாது. பெரும்பாலான ஒயின்களில் 12 முதல் 14 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதால், ஒவ்வொரு மிடறையும் வாயில் சுழற்றி, மேசையோர வாளியில் துப்பிவிடுவதே முறை. (நம்மவர்களுக்குக் கூச்சம்தான், அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.)

பதில் 2: அன்று ஜவ்வாது, அத்தர் எதுவும் பூசாதீர்கள், உங்கள் மூக்கை மட்டுமல்லாமல், பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும்.

பதில் 3: வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இட்லி போதும், ஆம்பூர் பிரியாணியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.