அனிமேஷன் கண்ணாடிபோல் தெரிகிறது, பழைய படத்தில் மணல் ஓடுகிறது: குறை தொலைக்காட்சியிலா?

கேள்வி (சூரமங்கலம்)

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் 43 அங்குல ஃபுல் எச்டி தொலைக்காட்சியும் ப்ளூரே பிளேயரும் வாங்கினோம். மகள் பார்க்கும் கணினி அனிமேஷன் படங்களில் பொம்மையின் சட்டைத் தையலைக்கூட எண்ணிவிடலாம். ஆனால் அப்பாவுக்காக 1950களின் தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டால், முகங்களின்மேல் நுண்மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. செட்டிங்கில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷனை’ முழுமையாக ஏற்றியபோது மணல் போயிற்று. கூடவே கதாநாயகியின் கன்னம் மெழுகு பூசியதுபோலாகி, புடவைச் சரிகையும் கரைந்துவிட்டது. “இது அந்த முகமே இல்லையே” என்று அப்பா எழுந்து போய்விட்டார். கடையில் அனிமேஷனை மட்டுமே ஓட்டிக் காட்டினார்கள். மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில் 1 (ஏற்காடு)

மாற்ற வேண்டாம் ஐயா. நீங்கள் மணல் என்று சொல்வது படச்சுருளின் துகள். வெள்ளி உப்புப் பூச்சில் ஒளி விழுந்து உருவம் பதிந்த தடம் அது. சட்டத்துக்குச் சட்டம் (ஃபிரேமுக்கு ஃபிரேம்) இடம் மாறுவதால் ஓடுவதுபோல் தெரிகிறது. துகள் எது, தோலின் நுண்துளை எது என்று தொலைக்காட்சிக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே வழித்துவிடுகிறது.

கணினி அனிமேஷனில் லென்ஸும் இல்லை, சுருளும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் கணக்கிட்டு வைக்கப்பட்டது. 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ 1536க்கு 922 புள்ளிகளில்தான் உருவாக்கப்பட்டது. ப்ளூரேயின் 1920க்கு 1080ஐ விட அது குறைவு. ஆனாலும் பளிச்சென்று தெரிகிறதென்றால், மூலத்திலேயே அழுக்கில்லை என்பதுதான் காரணம். ஆகவே அனிமேஷனை மட்டும் பார்த்துத் திரையை எடைபோடுவது சரியல்ல. கையால் வரைந்த பழைய அனிமேஷன் படங்களும் சுருளில் படம்பிடிக்கப்பட்டவையே என்பதால் அவற்றிலும் துகள் உண்டு. அதைத் துடைக்கப்போய்க் கோட்டின் மென்மையையும் இழந்த பதிப்புகளைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மலையிறங்கி வரும்போதெல்லாம் ஏற்காடு சாலையோரம் நிற்கும், சேலத்தின் பழைய பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்க்கிறேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்த நிறுவனம் தந்ததுதான். அக்காலத்து நிறமும் துகளும் ஒரே சுருளில் பிறந்தவை; ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் உரியும்.

பதில் 2 (அம்மாபேட்டை)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அனிமேஷனுக்கு எச்டியில் குறையே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ப்ளூரேயில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். அந்தி வானம்போல் நிறம் மெல்ல மாறும் இடத்தில் அந்தப் படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் மலைமுனையில் சுருளில் எடுத்த மூடுபனிக் காட்சியில் துகளே படிகளைக் கலைத்துவிடும். வரைந்த பனியில் மறைக்க ஏதுமில்லை.

‘மோஷன் ஸ்மூத்திங்கையும்’ அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த படங்களில் பெரும்பாலும் ஓர் ஓவியம் இரண்டு சட்டங்களுக்கு நிற்கும், அதாவது நொடிக்கு 12 ஓவியங்கள். நடுவில் இல்லாத ஓவியத்தைத் தொலைக்காட்சி தானாக இட்டு நிரப்பும்போது, வீசிய கையின் கோடு கிழிந்து தெரியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டையும் அணைத்து, ஷார்ப்னஸையும் இறக்கினேன். மணல் இருக்கிறது, எட்டடி தள்ளி உட்கார்ந்தால் உறுத்தவில்லை. சரிகைக் கோடு திரும்பிவிட்டது, அப்பாவும் இடைவேளை வரை எழவில்லை. ஆனால் மகளின் படத்தில் வானத்துப் பட்டைகள் இப்போது கண்ணில் படுகின்றன. அது வட்டிலுள்ளதா, திரையின் குறையா?

பதில் 2 (அம்மாபேட்டை)

அதே வட்டின் அதே காட்சியை வேறொரு திரையில் ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். பட்டைகள் அதே இடத்தில் விழுந்தால் வட்டிலுள்ளது. இடம் மாறினாலோ மறைந்தாலோ உங்கள் திரையினுடையது. அப்படியானால், முதலில் ‘விவிட்’ பயன்முறையை மாற்றி ‘சினிமா’வில் வைத்துப் பாருங்கள்.