ஃப்ரீபோர்டு: நீர்மேலுயரமா, மிதப்புயரமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடல்நீர் உறைந்து மிதக்கும் கடற்பனியைப் பற்றிய நம் சொற்பட்டியலில், ஃப்ரீபோர்டு (freeboard) என்பதற்கு ‘நீர்மேலுயரம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையை யாரும் மறுக்கவில்லை. நான் மறுக்கிறேன்.

கப்பல்காரர்களின் சொல் அது. நீர்க்கோட்டிலிருந்து மேல்தளம் வரையுள்ள உயரம். கப்பலுக்கு ‘நீர்மேலுயரம்’ கச்சிதமாகப் பொருந்தும்; மேல்தளமே நீருக்குள் போய்விட்டால் அளப்பதற்கு அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? கடற்பனியின் கதை வேறு. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள மெல்லிய கடற்பனியின்மேல் வெண்பனி கனமாகப் படிந்தால், அந்தச் சுமையில் பனிக்கட்டியின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்துவிடும். கடல்நீர் மேலேறி வெண்பனியை நனைத்து, அதுவும் சேர்ந்து உறையும். அப்போது ஃப்ரீபோர்டின் மதிப்பு மைனஸில் வரும். ‘நீர்மேலுயரம் மைனஸ் 3 செ.மீ.’ என்று எழுதினால் சொல்லும் எண்ணும் ஒன்றோடொன்று சண்டையிடும்.

‘மிதப்புயரம்’ என்பது என் பரிந்துரை. மேல், கீழ் எதையும் அது முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. நிலத்தில் அமர்ந்திருக்கும் கிரீன்லாந்துப் பனிவிரிப்புக்கு இந்த அளவை பொருந்தாது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. அங்கே செயற்கைக்கோள் அளப்பது தரையுயரத்தைப் போன்ற மேற்பரப்பு உயரம்தான். பனிவிரிப்பின் விளிம்பில் கடலுக்குள் நீண்டு மிதக்கும் பனியடுக்குகளுக்கோ மிதப்புயரம் பொருந்தும்.

அடைமொழி சேர்க்கவும் இடம் வேண்டும். 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர், வெண்பனியின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. 2010இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2 செயற்கைக்கோளின் ரேடார் அலையோ, உலர்ந்த வெண்பனியை ஊடுருவிப் பனிக்கட்டி வரை செல்வதாகக் கொள்ளப்படுகிறது (வெண்பனி ஈரமாக இருந்தால் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிடும்). ஆகவே ஒன்று தருவது ‘மொத்த மிதப்புயரம்’, மற்றது தருவது ‘பனிக்கட்டி மிதப்புயரம்’. 2020இல் கிரையோசாட்-2இன் சுற்றுப்பாதையைச் சற்று உயர்த்தி, இரு செயற்கைக்கோள்களின் தடங்களும் அவ்வப்போது ஒன்றிவரும்படி செய்தார்கள். இரண்டு உயரங்களையும் கழித்துப் பார்த்தால் வெண்பனியின் ஆழம் கிடைக்கும் அல்லவா?

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிக் குழப்பினால் விளைவு சிறியதாக இராது. பனிக்கட்டியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரிகிறது; அதைப் பெருக்கித்தான் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். உயரத்தில் 3 செ.மீ. பிழை, தடிமனில் 30 செ.மீ. அளவுக்கு ஊதிப் பெருகும்.

*

வணக்கம் ஐயா. மைனஸ் மதிப்பைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ‘மிதப்புயரம்’ என்றதும் மிதக்கும் பொருளின் முழு உயரம் என்று மாணவர் நினைக்கக்கூடும். பாடநூல்களில் ‘மிதப்பு விசை’ ஏற்கெனவே உண்டு. அதன் சாயலும் ஒட்டிக்கொள்ளும்.

*

அம்மா, சாயல் ஒட்டுவது நல்லதுதான். ஃப்ரீபோர்டிலிருந்து தடிமனைக் கணக்கிட உதவுவதே அந்த விசையின் சமநிலை. முழு உயரத்துக்குத் ‘தடிமன்’ நிலைத்துவிட்டதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். சொற்பட்டியலில் ‘கடல் மட்டத்திலிருந்து’ என்று வரையறையைத் தொடங்கிவிடுவோம்.

அடுத்தது, பனிப்பாளங்களுக்கு இடையே கடல்நீர் தெரியும் நீண்ட பிளவுகள். கடல் மட்டம் எது என்று செயற்கைக்கோள் அறிவதே அவற்றைப் பார்த்துத்தான். ‘நீர்ப்பிளவு’ என்று தொடங்கிவைக்கிறேன், மறுப்புகளை அனுப்புங்கள்.